'தவறான உள்ளீடு' என்றால் யாருக்கு என்ன புரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயலி வடிவமைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நிறம், எழுத்துரு, பொத்தான்களின் அழகு பற்றியெல்லாம் நன்றாகவே பேசியது. பிழைச் செய்திகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல வருடங்களாக இந்தத் திரைகளுக்கு நிரல் எழுதுகிற எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

போன வாரம் அம்மா ஒரு இணையப் படிவத்தை இருபது நிமிடம் உட்கார்ந்து நிரப்பினார். தொலைபேசி எண்ணைச் சரிபார்க்க வசதியாக நடுவில் இடைவெளி விட்டு அடித்திருந்தார். 'சமர்ப்பி'யை அழுத்தியதும் சிவப்பில் 'தவறான உள்ளீடு' என்று வந்தது. எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லவில்லை. நிரப்பியது அத்தனையும் காலி. "நான்தான் என்னவோ தப்பா அழுத்திட்டேன் போல" என்றார். அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த இடைவெளியை நீக்க நிரலில் ஒரு வரி போதும். அதை எழுதாமல் விட்டது என்னைப் போன்ற ஒருவர்தான்.

இது எரிச்சலோடு முடிகிற விஷயமும் இல்லை. 1985-க்கும் 1987-க்கும் இடையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தே போனார்கள். அடிப்படைக் கோளாறு மென்பொருளிலும் பாதுகாப்பு ஏற்பாட்டிலும் இருந்தது, உண்மை. ஆனால் 1986-இல் ஒரு விபத்தின்போது திரையில் வந்தது என்ன தெரியுமா? 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'கோளாறு 54'. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயக்குபவரின் கையேட்டில் விளக்கம் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போயிருந்ததால் அவர் 'பி' விசையைத் தட்டிச் சிகிச்சையைத் தொடர்ந்தார்.

'தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள், மற்றதை அழிக்காதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். அப்புறம், வெளியிடுவதற்கு முன்னால் ஐந்து பேரை உட்காரவைத்துப் பயன்படுத்தச் சொன்னாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று, திரைகள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதிவிட்டார். பக்கத்தில் இருந்து பார்க்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். "அங்கே இல்லை, மேலே பாருங்கள்" என்று நாக்கு நுனிவரை வரும். அப்படி வருகிற இடத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் இதழில் அடுத்த முறை ஒரு செயலியை விமர்சிக்கும்போது, வேண்டுமென்றே ஓர் எண்ணைத் தப்பாக அடித்துப் பாருங்கள். வருகிற செய்தியை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் நிரலர்