காவிரிக்கரை தூண்டில்காரர்கள் சங்கம்: 2025 ஆண்டறிக்கை

பெரியவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயலாளரான நான் ஆற்றுக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தார்கள். ஜூன் 29-இல் 120 அடி நிரம்பிவிட்டது. விவசாயிகளுக்குச் சந்தோஷம், நமக்குத்தான் திண்டாட்டம். செந்தண்ணீர் ஓடிய நாட்களில் தக்கை அசையவே இல்லை. மண்புழு கோத்து அடியில் விட்டுக் காத்திருந்தவர்களுக்குக் கெளுத்தி கிடைத்தது. அது மோப்பத்தில் இரை தேடுகிற மீன், கலங்கலைப் பொருட்படுத்தாது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் நன்றாக வற்றி, மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி சிலை தலை காட்டினால்தான் நமக்குக் கரையிலிருந்து எட்டும். இந்த முறை நந்தி மூழ்கியே இருந்தார். அணைக்குள் உரிமம் வாங்கிப் பிழைக்கிற மீனவர்களின் வலைப்பக்கம் நம் ஆட்கள் தூண்டில் வீச வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

மேட்டூருக்குக் கீழே காவிரியின் குறுக்கே உள்ள நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை கதவணைகளுக்கு மேலே தேங்கிய நீரில்தான் நல்ல வேட்டை. மைதா உருண்டைக்கு ரோகு, மிர்கால். கோரை ஓரத்தில் விரால். ஜிலேபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன், இன்று எங்கே முள்ளை இறக்கினாலும் அதுதான் முதலில் ஓடி வருகிறது. ஜிலேபியை வந்தேறி என்று திட்டுகிற பலர், கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை என்பதை மறந்துவிடுகிறார்கள்!

கதவணைக்குக் கீழே மீன் திரண்டு நிற்கும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலே மின்நிலையத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் பாறைக்கு நடுவே முழங்கால் தண்ணீர் மளமளவென ஏறிவிடும். ஆகஸ்டில் அப்படித்தான் என் கூடையும் இரண்டு தூண்டிலும் போயின. நான் ஒரு மருத மர வேரைப் பிடித்துக் கரையேறினேன். செயலாளரே இப்படி நின்றால் மற்றவர்களை என்ன சொல்வது என்று செயற்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இனி கதவணைக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

மாயாற்றுக்கு ஒரு பயணம் போகலாம் என்று வந்த யோசனையை ஏற்கவில்லை. அது புலிகள் காப்பகம். அங்குள்ள திமில் மஹசீர் மிகவும் அருகிவிட்ட இனமாக 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்த மீன். காவிரியில் எங்காவது தப்பித்தவறி மாட்டினாலும் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். படத்துக்காகக் கரைக்கு இழுக்க வேண்டாம்.

ஆடிப்பெருக்கன்று பவானி கூடுதுறைப் பக்கம் தூண்டில் இல்லை என்ற வழக்கம் இந்த ஆண்டும் நின்றது. மறுவாரம் கரையில் கிடந்த தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, பொறுக்கினோம். ஒரு நீர்க்காகத்தின் காலில் சுற்றியிருந்ததை அறுத்துவிட்டபோது அது என் கையைக் கொத்திவிட்டுத்தான் பறந்தது. அறுந்த தங்கூசியைப் போட ஊராட்சிக்கோட்டையில் ஒரு தகர டப்பா கட்டினோம். பத்தாம் நாள் டப்பாவையே காணோம். புதிது வாங்கப் பொருளாளர் பணம் தர வேண்டும். இந்த முறை சங்கிலி போட்டுக் கட்டுகிறோம்.