அக்காவுக்கு, நீ போனை எடுக்காததால்

அக்கா,

போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே ஆஸ்திரேலியாவில் கல்யாணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அதைவிட நிறையவே நேரம் இருக்கிறது. இப்போதே கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இனிமேல் யாரும் என்னிடம் "நல்லா யோசிச்சுப் பாரு" என்று ஆரம்பிக்கக் கூடாது.

வாட்ஸப்பில் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து "பேப்பர் திருத்திட்டு இருக்கா" என்கிறார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது. இந்தப் பக்கத்தை நீ வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதனால் இங்கே எழுதுகிறேன். நீ மட்டும் வாசிக்கவில்லை என்பதும் தெரியும். சாயர்புரத்துச் சித்தி, சபைப் பெண்கள், என்னோடு நர்சிங் படித்தவர்கள் என்று நிறையப் பேர் வருகிறார்கள். சில விஷயங்களைப் பாதியில் விட்டுவிடுவேன். மீதியை நீயே நிரப்பிக்கொள்.

நான் கட்டிக்கொள்ளப் போகிறவரின் பெயர், வயது, குடும்பம் எல்லாம் உனக்குத் தெரியும். போட்டோவும் பார்த்துவிட்டாய். உனக்குத் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் டெமோராவுக்கும் வெஸ்ட் வயலாங்குக்கும் நடுவே இருக்கிறது. மண் நம் தேரிப் பக்கம்போல ஒரே சிவப்பு. ஏப்ரல் 25 ஆன்ஸாக் தினத்தை ஒட்டிக் கோதுமை விதைப்பார்கள். நவம்பர் நடுவில் அறுப்பு தொடங்கினால் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஓடுவார்கள். அந்த நாட்களில் மழை வரவே கூடாது. முற்றிய கோதுமை நனைந்துகொண்டே நின்றால் கதிரிலேயே முளைவிட ஆரம்பித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சைலோவுக்கு (தானியத்தை வாங்கிச் சேர்க்கும் கிடங்கு) லாரி போனதும் குழாய் இறக்கி மாதிரி எடுப்பார்கள். அதை அரைத்துத் தண்ணீரில் கலந்து சூடாக்கி, அதற்குள் ஒரு கம்பியை விட்டு, அது அடியைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். நல்ல கோதுமை கூழாகக் கெட்டிப்பட்டுக் கம்பியைத் தாங்கும், 300 விநாடிக்கு மேல் போகும். முளைவிட்டதில் கம்பி மளமளவென்று இறங்கிவிடும். அப்புறம் மாட்டுத் தீவன விலைதான். ஒரு வருட உழைப்பு அந்தச் சின்னக் குழாயில் முடிந்துபோவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அவருடைய அப்பா பழைய மெதடிஸ்ட் வழியில் வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஹெடரைத் தொட மாட்டார் (கதிரை அறுத்து, அடித்து, தூற்றி எல்லாம் தானே செய்யும் அந்தப் பெரிய வண்டியை இங்கே ஹெடர் என்பார்கள்). சுற்றியிருக்கும் பண்ணைக்காரர்கள் ஞாயிறும் அறுப்பார்கள். அதை இங்கே யாரும் குறையாகப் பேசுவதில்லை. அவர் வீட்டில் மட்டும் ஞாயிறு அறுப்பதில்லை என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. 2018, 2019 வறட்சியில் ஆடுகளை வளர்க்க முடியாமல் விற்றார்களே, அப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்ததாம்.

நான் சொல்ல வந்த அந்த வாரம், திங்கள் விடியற்காலையில் மழை என்று ரேடாரில் தெளிவாகத் தெரிந்தது. சனிக்கிழமை ராத்திரி என்னவர் வெகுநேரம் ஹெடரை ஓட்டினார். பனி இறங்கித் தானியத்தின் ஈரம் 12.5 சதவீதத்தைத் தாண்டியதும் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மேல் ஈரமிருந்தால் சைலோவில் வாங்க மாட்டார்கள். ஓடைக்கரை வயல் மட்டும் பாக்கி. அந்த வருடத்தின் நல்ல வயலும் அதுதான்.

மறுநாள் ஆலயத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். போதகர் மாதத்தில் ஒரு முறைதான் வருவார், மற்ற வாரங்களில் சபையார் முறை வைத்து நடத்துவார்கள். அன்று என்னவரின் முறை. மழையைப் பற்றி ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பக்கத்துப் பண்ணைக்காரருக்காக மட்டும் ஜெபித்தார். அந்த மனிதர் யார், என்ன நோய் என்பதை நான் எழுதக் கூடாது. முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் என்னிடம் வந்து, "இன்றைக்கு உனக்கு டியூட்டி இல்லையே, வருகிறாயா?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம். ஒரு தடவையாவது அந்த வழக்கத்தை விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். வண்டி அவருடைய கேட்டைத் தாண்டிப் போனது. நோயாளியின் வயலில் போய் நின்றது. என்னவருடைய ஹெடர் முன்பே அங்கே வந்திருந்தது. அடுத்தடுத்த பண்ணைகளிலிருந்து மற்ற ஹெடர்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தன. பெண்கள் ஐஸ் பெட்டிகளில் சாண்ட்விச்சும் தண்ணீரும் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார்கள். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. வீட்டுக்காரர் படுத்துவிட்டால் இங்கே இப்படித்தான் அறுத்துக் கொடுப்பார்களாம்.

ஹெடருக்குள் ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு சின்ன இருக்கை உண்டு. முழங்கால் இடிக்கும். எதிரே கண்ணாடி, அதற்குக் கீழே கதிர்கள் சாய்ந்து சாய்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பின்னால் திரும்பினால் இன்னொரு கண்ணாடி வழியாகத் தானியம் கொட்டிக் குவிவது தெரியும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது. சிந்திய மணிகளுக்காகக் காலா கிளிகள், சாம்பலும் ரோஜா நிறமுமாக, கூட்டமாக இறங்கின. நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம் முடியவில்லை.

"உங்கள் வயல் அங்கே நிற்கிறதே."

"அது நாளைக்கு."

"நாளைக்கு மழை."

"தெரியும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓய்வுநாளில் குழியில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடலாம் என்று ஆண்டவரே சொல்லவில்லையா, அடுத்தவர் மாட்டைத் தூக்குகிறவர் தன் மாட்டைத் தூக்கினால் என்ன தப்பு என்று ஞாயிறு பள்ளி டீச்சர் மாதிரி அடுக்கினேன். அவர் நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. "என்னுடையதை அறுத்தால் அது வேலை. இது வேலை இல்லை" என்றார். நான் மறுபடி ஆரம்பித்ததும் குரலை உயர்த்தி, "இந்தப் பக்கம் கல் இருக்கிறது, கொஞ்சம் சும்மா இரு" என்றார். அதற்கு முன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருட்டும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

ராத்திரி மழை கொட்டியது. ஓடைக்கரை வயலுக்குள் வண்டி இறங்கவே பல நாள் ஆயிற்று. தீவன விலைக்குத்தான் போனது.

இதைக் கேட்டு அவர் ஒரு பரிசுத்தவான் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் சிடுசிடுவென்று இருந்தார். நாயைத் திட்டினார். ராத்திரி கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். அந்த நஷ்டம் அவரை உண்மையிலேயே அடித்தது. ஆனாலும் "அன்றைக்கு என்னுடையதையும் அறுத்திருக்கலாம்" என்று ஒரு நாளும் வாயிலிருந்து வரவில்லை. "நான் விட்டுக்கொடுத்தேன் பார்" என்றும் வரவில்லை. அந்த டிசம்பரில் என் மனது முடிவாகிவிட்டது அக்கா. நோட்டீஸ் வெறும் தாள்.

இந்த மனிதரைத்தான் நீ "அந்நிய நுகம்" என்றாய்.

எப்படிச் சொல்ல வந்தது உனக்கு? அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதே என்ற பைபிள் வசனம் அவிசுவாசியைப் பற்றிச் சொல்கிறது. நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்து கிடந்தவர்கள் சேர்ந்து உண்டான சபை. அவருடைய யூனைட்டிங் சபையும் 1977 ஜூன் 22-இல் அதே மாதிரி மெதடிஸ்ட்களும் பிரஸ்பிடேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் சேர்ந்து உண்டானதுதான். மெஞ்ஞானபுரத்தில் அந்த ஆலயக் கோபுரத்தைக் கட்டிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் வேல்ஸ் தேசத்துக்காரர், நம் தேரி மண்ணிலேயே அடக்கமானவர். அவரை அந்நியர் என்று நம் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அப்பா சொல்லியிருப்பாரா?

நுகம் என்பது நீ வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருக்கிற காரணத்தை நான் இங்கே எழுத மாட்டேன். நம் ஊரில் ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு வாங்குகிறவர்களுக்குள்ளும் அந்தக் காரணம் இருக்கிறது என்பது வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

உனக்கே தெரியும். நாசரேத் ரயில்வே ஸ்டேஷனில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்து, "வீட்ல சொல்லிராத" என்று என் தலையைத் தடவினாயே. நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அன்றைக்கு உனக்காக யாராவது ஒருத்தர் பேசியிருக்க வேண்டும், நான் சின்னப் பிள்ளை, எனக்கு எதுவும் புரியவில்லை. இப்போது எனக்காக நீ பேசுவாய் என்று நம்பியிருந்தேன். நீயே எதிரே நிற்பாய் என்று எப்படி நினைத்திருக்க முடியும்?

இந்தப் பத்தியை அழித்துவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உன்னைக் காயப்படுத்தினால் மன்னித்துக்கொள். ஆனால் இருக்கட்டும்.

இன்னொன்று. விசாவுக்காக என்று ஒரு பேச்சு சுற்றுகிறதாம். அதைச் சொன்னவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நான் 491 விசாவில் வந்தவள். மூன்று வருடம் பெரிய நகரங்களுக்கு வெளியே இருந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. அதை முடித்து நிரந்தர வசிப்புரிமையை என் சம்பளத்திலேயே வாங்கிவிட்டேன். மறுநாளே சிட்னிக்குப் போயிருக்கலாம். இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் முதியோர் வார்டு, மறு பக்கம் எமர்ஜென்சி, ராத்திரியில் டாக்டர் வீடியோவில்தான் வருவார். இதை விட்டுப் போகாதது நான் எடுத்த முடிவு. யாரும் என்னை இங்கே கட்டிப்போடவில்லை.

பைபிளில் வரும் ரூத்தின் கதையைச் சொல்லி என்னைத் தேற்றுகிறவர்களும் உண்டு. வேற்று தேசத்துப் பெண், அறுப்பு வயல், எல்லாம் பொருந்துகிறது என்கிறார்கள். உம்முடைய ஜனம் என் ஜனம் என்று ரூத் சொன்னது ஒரு ஆணிடம் அல்ல. துணையில்லாமல் நின்ற இன்னொரு பெண்ணிடம், தன் மாமியாரிடம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது. அம்மா போனபின் எனக்குத் தலை பின்னி, ஹாஸ்டல் ஃபீஸ் கட்டி, ஆங்கிலத் தேர்வுக்குத் தன் வளையலை வைத்துப் பணம் அனுப்பியவள் நீ. நான் இங்கே நிற்பதே உன்னால்தான். அதனால்தான் இவ்வளவு கோபமும்.

ஜூலையில் இங்கே உறைபனி விழும், விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். நான் தொட்டியில் வைத்த கறிவேப்பிலை கருகிவிடும் என்று, ஆட்டுக் கம்பளி கட்டுகிற பெரிய சாக்கை எடுத்து ராத்திரி ராத்திரி அதற்குப் போர்த்திவிடுகிறார் அவர். காலையில் டியூட்டி முடிந்து நான் வரும்போது சாக்கு மடித்துத் திண்ணையில் இருக்கும். அந்த இலை எதற்கு என்றுகூட முதலில் அவருக்குத் தெரியாது. நீ ஒரு முறை வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இப்போது ஊரெல்லாம் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிர் பூத்து மஞ்சளாக இருக்கிறது. கல்யாணத்தை மே லீவில் வைக்கலாமா என்று முதலில் பார்த்தோம், அது விதைப்பு நேரம். ஜனவரி முதல் வாரம் என்றால் அறுப்பு முடிந்திருக்கும், உனக்கும் அரையாண்டு லீவோடு ஒரு வாரம் சேர்த்து எடுத்தால் போதும். அவர்தான் உன் ஸ்கூல் காலண்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்து இந்தத் தேதியைச் சொன்னார். வெயில் கொளுத்தும், பருத்திச் சேலையாக எடுத்துக்கொள். விசிட்டர் விசாவுக்கு நாள் பிடிக்கும், பாஸ்போர்ட்டை இந்த மாதமே புதுப்பித்துவிடு. டிக்கெட் என் செலவு. அத்தானிடம் நானே பேசுகிறேன்.

நீ வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் தாலி உன் பீரோவில் இருக்கிறது. எனக்கென்று அம்மா சொன்னது உனக்கும் தெரியும். அதைக் கூரியரில் மட்டும் அனுப்பிவிடாதே. தருவதானால் நீயே கொண்டு வா.