சின்னவள் கேப்டன் ஆனதற்கு

நீடாமங்கலம்

அன்புள்ள முருகேசா,

சின்னவள் கல்லூரி வாலிபால் அணிக்குக் கேப்டன் ஆகிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இங்கே சம்பா நடவு முடிந்தது. களை பறிக்கத்தான் ஆள் கிடைத்தபாடில்லை.

"அவளுக்கு அதட்டத் தெரியாதே, எப்படிச் சமாளிப்பாள்?" என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். போன வாரம் மன்னார்குடியில் கல்லூரிப் பையன்களின் கபடி மேட்ச் பார்த்தேன். கேப்டன் நல்ல ரெய்டர், வாயும் பெரிய வாய். முதல் வருடப் பையன் ஒருவன் அவசரப்பட்டுப் பாய்ந்து அவுட் ஆனான். எல்லோர் முன்னாலும் கேப்டன் கத்திவிட்டான். உயிர் வந்து மறுபடி உள்ளே வந்தவன் கடைசிக் கோட்டை விட்டு நகரவே இல்லை. அப்போது லெப்ட் கார்னர் பையன் அவனைத் தன் பக்கம் இழுத்துக் கையைக் கோத்துக்கொண்டான். "நான் காலைப் பிடிச்சப்புறம் நீ மேல விழு, போதும்" என்றான். அடுத்த ரெய்டிலேயே எதிரணி ஆள் சிக்கினான். முப்பது விநாடி ரெய்டுக்குள் கோச் வெளியிலிருந்து என்ன சொல்லிவிட முடியும்?

பெல்ஜியத்தில் காத்ரின் ஃபிரான்சென் குழுவினர், அணியை உண்மையில் நடத்துவது கேப்டன்தானா என்பதையே ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். ஆட்டத்தில் வழி சொல்வது, உற்சாகம் ஊட்டுவது, களத்துக்கு வெளியே அணியை ஒட்டவைப்பது, வெளியாட்களிடம் அணிக்காகப் பேசுவது என நான்கு வேலைகள். இதில் ஒன்றில்கூடத் தங்கள் கேப்டன் முதல் ஆள் இல்லை என்று, கேட்கப்பட்ட வீரர்கள், கோச்சுகளில் 44 சதவீதம் பேர் சொன்னார்களாம். நான்கிலும் கேப்டனே முதல் ஆள் என்றவர்கள் 1 சதவீதம்தான்!

கேப்டன் அல்லாதவரின் இந்தச் செல்வாக்கு கெட்டதுக்கும் வேலை செய்யும். நம் ஹாஸ்டலில் அந்தச் சீனியர் காலைப் பயிற்சிக்கு எழாமல் புரண்டு படுத்தால் பாதி டீம் போர்வையை விலக்காதே, ஞாபகம் இருக்கிறதா? அவன் கேப்டனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அதனால் சின்னவள் அதட்டக் கற்க வேண்டாம். தோற்ற மேட்ச் முடிந்ததும் ஜூனியர் பெண்கள் யார் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள் என்று கவனிக்கச் சொல். அந்தப் பெண்ணிடம் பாதி வேலையைக் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் இரண்டாவது தொடுதலுக்குப் பந்து, அடிக்கத் தூக்கிக் கொடுக்கும் செட்டரிடம்தான் போகும், அதனால் ஆட்டத்தில் வழி சொல்வதை அந்தச் செட்டர் பார்த்துக்கொள்ளட்டும். நடுவரிடம் பேசுவது மட்டும் விதிப்படி கேப்டன் வேலை. அதற்குச் சத்தமான குரலைவிட நிதானம்தான் வேண்டும், அது இவளிடம் நிறையவே இருக்கிறது.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. தேதியை முன்னாடியே சொல், மாடி அறையில் கிடக்கும் நெல் மூட்டைகளை நகர்த்த வேண்டும்.

உன்,
ரெங்கராஜ்