மூன்றாவது பெரிய கோள் எது? வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வலயத்தின் தவணைப் பரீட்சைக்கு விஞ்ஞான வினாத்தாளையும் புள்ளித் திட்டத்தையும் தயாரித்து அனுப்பிய மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

எந்த வினாவைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கோள்களைப் பருமனின் இறங்குவரிசையில் எழுதச் சொன்னீர்கள். நீங்கள் அனுப்பிய விடையில் வியாழன், சனி, நெப்டியூன், யுரேனஸ் என்று இருக்கிறது. மூன்றாவது இடம் யுரேனசுக்கு உரியது, நெப்டியூன் நான்காவது. இதை அதிபர் ஊடாக எழுதியும் கேட்டோம், தொலைபேசியிலும் கேட்டோம். "திட்டம் போனது போனதுதான், அதன்படி திருத்துங்கோ" என்ற பதிலுக்கு மேல் எதுவும் வரவில்லை. புள்ளித் திட்டத்தைத் திருத்தித் தாருங்கள் என்று இப்போது எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன்.

யுரேனசின் மத்திய கோட்டு விட்டம் 51,118 கிலோமீற்றர். நெப்டியூனின் விட்டம் 49,528. வித்தியாசம் 1,590 கிலோமீற்றர், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரண்டு தடவை போய்த் திரும்புகிற தூரம். துருவத்திலிருந்து துருவத்துக்கு அளந்தாலும், சராசரி எடுத்தாலும் யுரேனஸ்தான் பெரியது. இது நேற்று வந்த செய்தியும் அல்ல. வொயேஜர் 2 விண்கலம் யுரேனசை 1986 ஜனவரியிலும் நெப்டியூனை 1989 ஓகஸ்ற்றிலும் கடந்து போனது. (அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே வானத்தை அண்ணாந்து பார்த்ததற்குக் காரணம் வேறு. அதனால் அப்போது தெரியாமல் போயிருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இப்போது அப்படிச் சொல்ல முடியுமா?)

தொலைபேசியில் பேசிய ஒருவர், "நெப்டியூன்தானே பாரம் கூட" என்றார். உண்மைதான். யுரேனசின் திணிவு புவியைப் போல் ஏறத்தாழ 14.5 மடங்கு, நெப்டியூனுடையது 17 மடங்கு. நெப்டியூனின் அடர்த்தி கூட, அதனால் கொஞ்சம் சிறிய உருண்டைக்குள் கூடிய திணிவு அடங்கியிருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது திணிவையா? சனியின் விட்டம் வியாழனின் விட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு, திணிவோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வியாழனின் சந்திரனான கனிமீட் 5,268 கிலோமீற்றர் விட்டம் கொண்டது, 4,879 கிலோமீற்றர் விட்டமுள்ள புதன் கோளைவிடப் பெரியது. ஆனால் புதனின் திணிவு கனிமீட்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பருமனும் திணிவும் ஒன்றாகப் போகாது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கப்படுத்தலாம். புள்ளித் திட்டம் எழுதும் மேசைக்கு அது ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சரி, எண்களை விடுவோம். என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள், தீவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ரியூசனுக்குப் போக வீட்டில் வசதியில்லை. நூலகத்தில் இருந்த புத்தகமொன்றிலிருந்து எட்டுக் கோள்களின் விட்டங்களையும் கொப்பியில் எழுதி, யாரும் சொல்லாமல் தானே வரிசைப்படுத்திப் படித்தாள். பரீட்சையிலும் அதையே எழுதினாள். விடைத்தாள் வேறு பாடசாலையில் திருத்தப்பட்டு வந்தது. ஒழுங்கு முழுவதும் சரியாக இருந்தால் மட்டுமே புள்ளி என்று நீங்கள் அறிவுறுத்தியிருந்ததால், வியாழன் முதல் புதன் வரை எல்லாம் சரியாக எழுதியவளுக்கு அந்த வினாவுக்குச் சுழியம். பக்கத்தில் இருக்கும் பையன் ரியூசன் கொப்பியில் இருந்ததை அப்படியே எழுதி முழுப் புள்ளி எடுத்தான். அவன் மேல் பிழை இல்லை, அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவள் அழவில்லை. விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டி, "ரீச்சர், அடுத்த தவணைக்கு உண்மையான ஒழுங்கை எழுதுறதோ, சோதினை ஒழுங்கை எழுதுறதோ?" என்று கேட்டாள்.

இதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். உண்மையானதை எழுது என்றால் மறுபடியும் புள்ளி போகும். மற்றதை எழுது என்றால் நான் எதற்கு இந்த வகுப்பில் நிற்கிறேன்? இப்போது அவளுடைய கொப்பியில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றின் மேல் 'சரி' என்றும் மற்றதன் மேல் 'புள்ளிக்கு' என்றும் எழுதிவைத்திருக்கிறாள். அந்தத் தலைப்புகள் அவளாகவே போட்டவை. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன், புள்ளித் திட்டத்தைத் திருத்தித் தாருங்கள்.

பேச வந்ததால் இதையும் சொல்கிறேன். வகுப்புச் சுவரில் தொங்கும் சூரியத் தொகுதிப் படத்தில் இன்னமும் ஒன்பது கோள்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று அறிவித்தது 2006 இல். எங்கள் சுவருக்கு அந்தச் சுற்றறிக்கை இன்னும் வந்துசேரவில்லை. அதே படத்தில் வியாழன் புவியைப் போல் இரண்டு மடங்குதான் இருக்கும். உண்மையில் வியாழனின் குறுக்கே 11 புவிகளை வரிசையாக வைக்கலாம், அதன் கனவளவுக்குள் 1,300 புவிகள் அடங்கும். புவியை ஒரு சென்ரிமீற்றருக்கு வரைந்தால் சூரியனை ஒரு மீற்றருக்கும் மேல் வரைய வேண்டும், அது எந்தக் கடதாசியிலும் கொள்ளாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 'அளவிடைக்கு அமைய வரையப்படவில்லை' என்று மூலையில் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? நன்கொடையாக வந்த திரைப்பலகை தூசி படக்கூடாது என்று துணி போர்த்தி அறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. நல்ல பாதுகாப்பு. அதில் காட்டியிருந்தால் பிள்ளைகள் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் கண்டிருப்பார்கள். அப்புறம், எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் குறைகிறது என்று கூட்டம் போட்டு, தேநீரும் வடையும் தந்து, எங்களிடமே காரணம் கேட்பீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். உங்கள் வேலையின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. குறைந்த நாட்களுக்குள் எல்லாத் தரங்களுக்கும் வினாத்தாள் செய்வது லேசான காரியம் இல்லை, எழுத்துப் பிழையும் தகவல் பிழையும் வரத்தான் செய்யும். வந்த பிழையைச் சுட்டிக்காட்டிய பிறகும் அதன்படியே திருத்தச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

யுரேனசை மூன்றாவதாக எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வினாவின் புள்ளியை வழங்கும்படி பாடசாலைகளுக்கு ஒரு திருத்தக் கடிதம் அனுப்புங்கள். மற்றைய ஒழுங்கை எழுதியவர்களின் புள்ளியைப் பறிக்கச் சொல்லவில்லை, அவர்களுக்குச் சரியான ஒழுங்கை வகுப்பில் சொல்லிக்கொடுக்க எங்களால் முடியும். இனிமேல் இப்படியான வினா வந்தால், விட்டங்களின் அட்டவணையை வினாத்தாளிலேயே தந்துவிட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிள்ளை எண்களை வாசித்து ஒப்பிடுகிறதா என்று அப்போதாவது தெரியவரும்.

தேர்ச்சி அறிக்கைகளை இன்னும் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. அதற்கு முன் திருத்தம் கிடைத்தால் புள்ளிகளை மாற்றி எழுத நேரம் இருக்கும். அதிபர் ஊடாக அனுப்பினாலும் சரி, வழமையான தபாலில் போட்டாலும் சரி, தயவுசெய்து இந்தக் கிழமைக்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.