மலையேறி வந்து கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள சேர்மார், மிஸ்மார், அக்கா அண்ணாமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

திறந்த கல்வி, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய பாடங்கள், பற்றிய ஒருநாள் அமர்வு, டிஜிட்டல் கற்பித்தல் பயிற்சி, அதற்கப்புறம் புதன்கிழமை பின்னேரங்களில் ஆளுக்கொரு வேலையோடு நூலகத்தில் கூடி உட்காரும் கூட்டு வேலை நேரம் என்று இந்தத் தவணை முழுக்க, ஹட்டனில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் எங்கள் கல்லூரி கலகலப்பாக இருந்தது. தவணை முடிவில் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, நன்றியுரையை இரண்டு நிமிடத்தில் முடிப்பது வழக்கம். அந்த இரண்டு நிமிடத்தில் பிரதம விருந்தினரின் பெயர் வந்துவிடும். நூலகத்தைப் பூட்டாமல் இருட்டும் வரை காத்திருந்த அண்ணாவைப் பற்றி ஒரு சொல்லும் வராது. அதனால் ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் இதை ஒரு மடலாகவே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். சரி, போடவில்லை. வாசிக்கும்போது அவரவர் பங்கு அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் பீடாதிபதிக்கு. மண்டபமும் தந்தார், தொடக்கவுரையும் ஆற்றினார். ஆனால் புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளை நேரசூசியிலேயே ஒதுக்கித் தந்தாரே, அதுதான் பெரிய காரியம். எங்கள் பக்கத்து ஆசிரியரின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். விடியற்காலை பஸ், நாள் முழுக்க வகுப்பு, திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு, திரும்பவும் பஸ். பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கமிருந்து வருகிறவர்கள் வீடு சேரும்போது இருட்டிவிடும். அதற்குமேல் உட்கார்ந்து ஒரு பாடத்தைப் புதிதாக எழுது, படம் வரை, குரலைப் பதிவு செய் என்றால் யாரால் முடியும்? டிஜிட்டல் கற்பித்தல் என்றதும் கணினி வேண்டும், இணையம் வேண்டும் என்று கேட்கிறோம். நேரம் வேண்டும் என்று கேட்பதில்லை. நாங்கள் கேட்டோம், கிடைத்தது. இந்த மடலில் இனி வருபவற்றில் பெரும்பாலானவை அந்த நேரத்துக்குள் நடந்தவைதான்.

உலகெங்கும் மார்ச் மாதத்தில் திறந்த கல்வி வாரம் கொண்டாடுகிறார்கள். 2012இல் தொடங்கிய வழக்கம் அது. அதையொட்டி நாங்களும் ஒரு நாள் வைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து சூம் வழியே பேசிய விரிவுரையாளருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. மழையில் லைன் அறுந்து அறுந்து வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் சலிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 2002இல் பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் திறந்த கல்வி வளங்கள் என்ற பெயர் பிறந்ததையும், எழுதியவரே பிறருக்கு முன்கூட்டி அனுமதி எழுதித் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்ததையும், 2019 நவம்பரில் யுனெஸ்கோ இது பற்றிய பரிந்துரையை ஏற்றுக்கொண்டதையும் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை எங்கள் கேள்விகளுக்கே விட்டார்.

கேள்விகள்தான் அன்றைக்கு நன்றாக இருந்தன. நம் நாட்டில் 1980 முதல் பாடநூல் இலவசம்தானே, அப்புறம் எதற்குத் திறந்த கல்வி என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் கையிலிருந்த பாடநூலையே திறந்து பார்க்கச் சொன்னார் விரிவுரையாளர். ‘முழுப் பதிப்புரிமையுடையது’ என்று அச்சாகியிருந்தது. இலவசமாகப் படிக்கலாம், ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்கும்படி ஓர் அத்தியாயத்தை மாற்றி எழுதி, பிரதி எடுத்து ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். திறந்த வளத்தில் அந்த அனுமதி முன்கூட்டியே எழுதித் தரப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் அன்று தெளிவானது. ‘மாற்றம் கூடாது’ என்ற நிபந்தனையோடு வருகிற ஆங்கிலப் பாடத்தை நாம் தமிழாக்கிப் பகிர முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதால். தமிழ்மொழி மூலம் படிப்பிக்கிற எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதலில் உரிமத்தைப் பார் என்பதை அன்றைக்கு வந்த எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக எழுந்த கேள்வி எல்லோர் மனதிலும் இருந்ததுதான். நாம் பாடுபட்டு எழுதுகிற குறிப்பை டியூஷன்காரர்கள் எடுத்து அச்சடித்து விற்றால் என்ன செய்வது? விரிவுரையாளர் வாய் திறக்கும் முன்னே பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எழுந்தார். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பிறகு, அவற்றில் படித்து ஆசிரியராக வந்த தலைமுறை அவர். அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் போட்டோகொப்பிக்கு மேல் போட்டோகொப்பியாகத் தலவாக்கலை, ஹட்டன் பக்கம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. “விக்கிறவன் விக்கட்டும் மிஸ். வாங்குற பிள்ளையும் நம்ம பிள்ளைதானே. வாங்க முடியாத பிள்ளைக்கும் கிடைக்கணும், அதுக்கு வழியைப் பாருங்க” என்றார். அடுத்த புதன்கிழமை ஒரு பழைய மடிக்கணினியையும் இரண்டு பைல் கட்டுகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றினால் மாற்றியதையும் இதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்து, கடதாசியில் எழுதிக் கையொப்பமும் இட்டுத் தந்தார். விக்கிப்பீடியாவும் இதே உரிமத்தில்தான் இயங்குகிறது. சேர், உங்களுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன்.

அந்த மடிக்கணினியில் இருந்தவை எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்த எவருக்கும் இந்தக் கதை தெரியும். பாமினி இல்லாத போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் எந்தப் போனிலும் வாசிக்கலாம். மாற்றுகிற கருவி இருக்கிறது, ஒரு நொடி வேலை. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்த குறியீடுகளையும் சேர்த்து மாற்றிவிடும். நீரின் குறியீடான ‘H2O’, ‘ர்2ழு’ என்று நின்றது! இரசாயனப் பாடம் முழுவதிலும் இப்படித்தான். இரண்டாம் ஆண்டு ஆசிரிய மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். ஒருவர் பழைய அச்சுப் பிரதியைப் பார்த்து வாசிக்க, மற்றவர் திரையில் திருத்தினார். சமன்பாடுகள் வந்த பக்கங்களில் சேரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அலகுத் தேர்வு நெருங்கிய வாரத்திலும் அந்தப் பிள்ளைகள் ஒரு புதன்கிழமையைக்கூடத் தவறவிடவில்லை. தங்கச்சிமார், தம்பிமார், நீங்கள் திருத்திய ஒவ்வொரு பக்கமும் யாரோ ஒரு பிள்ளையின் போனில் தமிழாகத் திறக்கப் போகிறது.

டிஜிட்டல் கற்பித்தல் பயிற்சி நடத்த வந்த இரண்டு இளம் ஆசிரியர்களுக்கும் பெரிய நன்றி. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு சிக்னல் தேடி மலைக்கு மலை ஏறிய பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் சிக்னல் எட்டாத தோட்டத்து லய வீடுகளிலும் வேலை செய்கிறவற்றை மட்டும் சொல்லித் தாருங்கள் என்று அவர்களிடம் கேட்டோம். அப்படியே செய்தார்கள். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி, டேட்டா செலவில்லாமல் போனுக்குப் போன் மாற்றிக்கொள்ளக் காட்டினார்கள். வீடியோவுக்குப் பதில் சின்ன ஒலிப்பதிவாகப் பாடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பப் பழக்கினார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ (PhET) என்ற, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் செயல்விளக்கங்களை இணையமில்லாமல் ஓட்டிக் காட்டியபோதுதான் அறை முழுக்கச் சத்தம். அவற்றில் பல தமிழிலும் இருக்கின்றன. ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்து வந்த ஒரு மாணவி பட்டரி, வயர், பல்ப் எல்லாவற்றையும் திரையில் இழுத்துத் தொடுத்தார். பல்ப் எரிந்தது. பிறகு வேண்டுமென்றே பல்பைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளையும் வயரால் நேரே இணைத்தார், பட்டரி தீப்பற்றிக்கொண்டது. குறுஞ்சுற்று என்றால் என்னவென்று பாடப்புத்தகத்தில் மனனம் செய்த விஷயம் இதுதானா என்று அவர் கேட்டதை அந்த அறையில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். அன்றைக்கு மின்சாரம் போனபோது இன்வேட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஆய்வுகூட உதவியாளர் அண்ணாவும் இந்த நன்றியில் சேர்த்தி.

கூட்டு வேலை நேரத்தைப் பற்றி வெளியிலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேச்சாளர் கிடையாது, தலைமை கிடையாது. ஆளுக்கொரு அரைகுறை வேலையைக் கொண்டுவந்து நூலகத்தில் உட்காருவோம். இன்றைக்கு எதைச் செய்யப் போகிறேன் என்று தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்வோம், முடிவில் எதுவரை வந்தது என்று ஒரு வரி. நடுவில் அவரவர் வேலை. ஆனால் கையை உயர்த்தினால் பக்கத்திலிருப்பவர் எழுந்து வருவார், அவ்வளவுதான் ஏற்பாடு. வீட்டில் ஒரு மாதமாகக் கிடந்த பாடத்திட்டம் இங்கே ஒரு பின்னேரத்தில் முடிந்தது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். தனியாக இருந்தால் முதல் சிக்கலிலேயே மூடிவைத்துவிடுவோம், பக்கத்தில் ஆளிருந்தால் அதைத் தாண்டிவிடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த மேசையில் பிறந்த பாடங்களில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நீர்வடிநிலம் பற்றித் தரம் 9க்கு எழுத உட்கார்ந்த இரு ஆசிரிய மாணவர்கள் எங்கள் ஊர் மழையையே எடுத்துக்கொண்டார்கள். ஹட்டன் மேட்டில் பெய்கிற மழை கொட்டகலைப் பக்கம் வடிந்தால் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகிக் கண்டியைச் சுற்றிக்கொண்டு திருகோணமலையருகே கடலைச் சேர்கிறது. டிக்கோயாப் பக்கம் வடிந்தால் காசல்ரீ நீர்த்தேக்கம், அங்கிருந்து களனி கங்கை, கடைசியில் கொழும்புக் கடல். ஒரே மேட்டில் பெய்த மழை தீவின் இரண்டு கரைக்குப் போகிறது! தோட்டத்து வடிகால் கான்களில் ஓடும் தண்ணீரைப் பின்தொடர்ந்து போய் வரைபடம் வரையச் சொல்கிறது செயற்பாட்டுத் தாள். கொழுந்து மலையில் கான் வெட்டுவது ஏன் என்று பெற்றோரிடம் கேட்டு எழுதவும் சொல்கிறது. மண்ணரிப்பைப் பற்றி அந்தப் பெற்றோருக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கண்டியிலிருந்து வந்திருந்த சிங்களமொழி மூல விரிவுரையாளர் இந்தப் பாடத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று அங்கேயே சிங்களமாக்கத் தொடங்கினார். பேராதனைப் பாலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் தன் பக்கத்திலிருந்து சேர்த்தார். அந்தப் பகுதியை எங்கள் மாணவர்கள் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். உரிமத்தில் அனுமதி இருந்தது, யாரிடமும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் பிடித்து மலையேறி வந்த சேருக்கு, போஹோம ஸ்துதி.

கடைத்தெருவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் செயற்பாட்டுத் தாள்களைக் கடதாசி விலைக்கே அடித்துத் தந்தார். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன காலத்தைக் கடந்து வந்த எங்களுக்கு அந்த உதவியின் கனம் தெரியும். கன்டீன் அக்காமார் ஒவ்வொரு புதன்கிழமையும் பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் நூலக வாசலுக்கே கொண்டுவந்தார்கள். டயகம பஸ் கண்டக்டர் அண்ணா எங்கள் பிள்ளைகள் ஓடிவருவதைக் கண்டால் மணியடிக்காமல் நிற்பார். எல்லோருக்கும் நன்றி. பிந்தி வந்த பிள்ளைகளுக்காகக் கவலைப்படாமல் காத்திருந்த பெற்றோருக்கும்.

பாடங்கள் எல்லாம் இப்போது நூலகத்தின் ஜன்னலோரக் கணினியில் இருக்கின்றன. பென் டிரைவைக் கொண்டுவந்து யாரும் பிரதி எடுக்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிழை கண்டால் திருத்துங்கள், திருத்தியதை எங்களுக்கும் தாருங்கள். விஞ்ஞானம் ஓரளவு முடிந்திருக்கிறது. தமிழ் இலக்கணத்துக்கும் தரம் 10 வரலாற்றுக்கும் ஆள் தேவைப்படுகிறது, ஆரம்பப் பிரிவுக்குப் படம் வரையத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. விடுமுறை முடிந்த முதல் புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு வாருங்கள். மழைக்காலம் என்பதால் ஸ்வெட்டரும் கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
கூட்டு வேலை நேர ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்
ஒரு விரிவுரையாளர்
ஹட்டன்