பழைய மாணவர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பழைய மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். ஆயர் ஐயா ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டார். அறிக்கை சுருக்கமாக இருக்கட்டும் என்று தலைவர் காதில் சொன்னார். முயல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நம்முடையது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவான சங்கம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைத்து, அதைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்தே ஆகவேண்டும். சென்ற மாதம் அழைத்த கூட்டத்துக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. வந்திருந்தவர்கள் போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். அந்தப் போண்டாச் செலவும் கணக்கில் இருக்கிறது. இன்று கூட்டம் நிறைந்திருப்பதற்கு மதியச் சாப்பாடு என்று அழைப்பிதழில் போட்டது காரணமாக இருக்காது என்று நம்புகிறேன்.

சுதந்திர தினம், ஆசிரியர் தினம், கிறிஸ்துமஸ் விழா மூன்றிலும் சங்கத்தின் சார்பில் கலந்துகொண்டோம், இனிப்பு வழங்கினோம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்கு வழக்கம்போல் பரிசளித்தோம். ஊரகத்தில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் வந்துவிட்டதால், நமது தொடக்கப் பிரிவிலும் குழந்தைகள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் பாடத்துக்கு உட்காருகிறார்கள். இதில் சங்கத்தின் பங்கு ஒன்றுமில்லை. நல்ல செய்தி என்பதால் சொல்கிறேன். ஆண்டுக்குள் காலமான ஆசிரியர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

பள்ளியின் 125ஆம் ஆண்டு விழா பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் சிறப்பாக நடந்தது. பேச்சாளர்கள் ஐந்து பேர். ஐவரும் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் கரையிறங்கியதிலிருந்துதான் தொடங்கினார்கள். அச்சகம் வந்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி, பின்னால் வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூர் போய் இளவரசர் சரபோஜிக்கு ஆதரவாக நின்று, 1798இல் கண்ணை மூடும் வரைக்கும் எல்லோரும் விவரமாகச் சொன்னார்கள். நம் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. மிஷனரிகள் போட்ட அஸ்திவாரம் பெரிது, மறுக்கவில்லை. சாதி பாராமல் ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததும், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிவந்ததும் இந்தக் காவிரிக் கரையில் சாதாரணக் காரியமில்லை. ஆனால் மேடையில் முழங்கிய அஸ்திவாரத்தின் மேலேதான் சமீபகாலம் வரை முழங்கால் அளவு தண்ணீர் நின்றுகொண்டிருந்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே அறிக்கையில் நான் சொல்கிறேன்.

பள்ளி வளாகம் எப்படி வளர்ந்தது என்று நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் பிளஸ் டூவுக்கு ஒரு கட்டடம். 1982இல் சத்துணவு வந்ததும் ஒரு கூடம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ தின்ற பிறகு, இருந்த கீற்றுக் கொட்டகைகளை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு கான்கிரீட் வகுப்பறைகள். இப்போது சுயநிதிப் பிரிவுக்கு மூன்று மாடி, அதன் முன்னால் வேன்கள் நிற்கப் பேவர் பிளாக் தரை. எல்லாம் தேவைதான். ஆனால் ஒவ்வொன்றையும் முன்னதைவிட மேடாக்கி மண்ணடித்துக் கட்டினார்கள். கட்டினவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. டெல்டாவில் எவனும் சாலைக்குக் கீழே மனை எடுக்கமாட்டான். சாலையோ பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டுப் போட்டு உயர்ந்துகொண்டே போகிறது. நடுவில், மெட்ராஸ் ஒட்டுக் கூரையும் தேக்கு உத்திரமுமாக நாமெல்லாம் படித்த பழைய கட்டடம் மட்டும் கிண்ணத்தின் அடியில் கிடப்பதுபோல் ஆகிவிட்டது. ஐப்பசியில் நாலு நாள் மழை அடித்தால் வளாகத்துத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். நம்முடைய களிமண் அதைக் குடிக்கவும் செய்யாது.

சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறியிருந்தது. அதை மறைக்கச் சில ஆண்டுகளுக்கு முன் சிமெண்ட் பூசி, மேலே வெளிர்நீலப் பெயிண்ட் அடித்தார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசக்கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும் என்று அப்போதே சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாசனப் பிரிவில் மதகையும் வாய்க்காலையும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் நம் சங்கத்தில் என்னைவிடப் பெயிண்ட் கடைக்காரர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது மழையில் பூச்சு பப்படம் போல உப்பி உதிர்ந்தது.

ஆண்டு விழாவின் நினைவாக என்ன செய்யலாம் என்று செயற்குழு கூடியபோது, பழைய கட்டடத்துத் தண்ணீரை வெளியேற்ற ஒரு வடிகால் என்று முன்மொழிந்தேன். வழிமொழிய ஆளில்லை. நுழைவாயிலில் ஒரு வளைவு, அதில் கறுப்பு கிரானைட்டில் நன்கொடையாளர் பெயர் என்று ஏறக்குறைய ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. வளைவென்றதும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூட நன்கொடை வாக்குறுதிகள் வாட்ஸ்அப் குழுவில் வந்து குவிந்தன. வடிகாலுக்கு ஒரு கட்டைவிரல் கூட வரவில்லை. வளைவில் பெயர் பொறிக்கலாம், சாக்கடையில் யார் பெயரைப் பொறிப்பது? மனித சுபாவம், வருத்தப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

2024 மே மாதம் வளைவுக்கு அஸ்திவாரக் குழி தோண்டினார்கள். அதே வாரம் கோடை மழை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு குழியும் நிறைந்து தவளை கத்துகிறது. ஒப்பந்தக்காரர் மோட்டார் போட்டு இறைத்தார். இறைத்த தண்ணீர் பேவர் பிளாக்கில் ஓடி, பழைய கட்டடத்தைச் சுற்றி வந்து, மறுபடியும் குழிக்கே இறங்கியது. மாலை வரை மோட்டார் ஓடியது, டீசல்தான் தீர்ந்தது. அவர்தான் கடைசியில், “சார், தண்ணிய எங்க விடறதுன்னு சொல்லுங்க, இல்லன்னா வேற ஆள பாத்துக்குங்க” என்றார். அன்றிரவே செயற்குழு கூடி, வளைவு நிதியிலிருந்து வடிகாலுக்கு எடுத்துக்கொள்ள ஒப்புதல் தந்தது. தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. செயலாளர் தன்னிச்சையாக நிதியைத் திருப்பிவிட்டார் என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டவர்களில் அவர்களும் உண்டு.

வேலை ஜூனில் தொடங்கியது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கிற மேட்டூர் அணை சென்ற ஆண்டு நீர் இருப்புக் குறைவால் ஜூலை 28இல்தான் திறந்தது. குறுவைக்காரர்களுக்கு அது வயிற்றெரிச்சல். நமக்கோ வாய்க்கால் காய்ந்திருக்கிறபோதே வடிகால் போய் விழும் கடைவாய் வரை தோண்ட அவகாசம் கிடைத்தது. சைக்கிள் கொட்டகை மூலையில் ஜேசிபி வாளி எதிலோ தட்டி நின்றது. மண்ணைக் கையால் விலக்கினோம். செங்கல்லில் வளைத்துக் கட்டிய சிறிய மதகு, சுண்ணாம்புக் காரை, ஒரு கல்கூடப் பெயரவில்லை. பழைய கட்டடத்தைக் கட்டினவர்கள் தண்ணீருக்கும் வழி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அதன் மேல் மண்ணடித்துச் சைக்கிள் நிறுத்தியிருக்கிறோம். உள்ளே அடைந்திருந்த சேற்றை வாரி வெளியே போட்டபோது பேனா மூடிகள், துருப்பிடித்த ஜாமெட்ரி பாக்ஸ், பலப்பத் துண்டுகள், நசுங்கிய சத்துணவுத் தட்டுகள் எல்லாம் வந்தன. ஒரு தட்டின் அடியில் ஆணியால் பெயர் கீறியிருந்தது. அந்தப் பெயருக்குரியவர் இப்போது நம் உறுப்பினர். சந்தா பாக்கி இருக்கிறது. தட்டைப் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

மதகிலிருந்து வாய்க்கால் வரை ஹியூம் பைப் போட்டோம். கொத்தனார் கண்மட்டத்தில் போட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை. தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்து, பைப்புக்குப் பைப்பு வாட்டம் பார்த்துத்தான் இறக்கினோம். அதனால் வேலை நீண்டது, கூலி ஏறியது, அதற்கும் பேச்சு வாங்கினேன். காலை உணவுக் கூடத்துக் கழுவுநீர் தனியே போகவேண்டும், மழைநீர் வடிகாலில் கலக்கக்கூடாது என்பதையும் அப்போதே பிரித்துச் செய்தோம். கழுவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழியான சோக் பிட்டுக்கு நிர்வாகம் இடம் தந்தது. நன்றி.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் பள்ளிக்கூடம் விடுமுறை. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன்தான் கூட இருந்தார். பழைய கட்டடத்துத் திண்ணையின் முதல் படி நனைந்திருந்தது, இரண்டாம் படி காய்ந்திருந்தது. வாய்க்கால் பக்கம் பைப்பிலிருந்து தண்ணீர் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அதற்கு மேலே போட்டிருந்த ஒருவருடைய பேரன் பிறந்தநாள் படத்துக்கு வாழ்த்து வந்துகொண்டே இருந்ததில், இது யார் கண்ணிலும் படவில்லை போலும்.

வளைவும் பிறகு எழுந்தது. அழகாகவே இருக்கிறது. விழாவன்று அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. கிரானைட் பலகை மட்டும் இன்னும் சாக்கு சுற்றியபடி அலுவலக அறையில் சாய்ந்து நிற்கிறது. பெயர்களை அகரவரிசையில் பொறிப்பதா, தொகை வரிசையில் பொறிப்பதா என்று ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், வாக்களித்த தொகைக்கும் வந்து சேர்ந்த தொகைக்கும் உள்ள இடைவெளி. பணம் வந்த பெயர்களை மட்டும் பொறித்தால் பலகையில் பாதி வெற்றிடம். யார் யார் என்று இந்த மேடையில் வாசிக்கும்படி இளைஞர் சிலர் வற்புறுத்தினார்கள். அது சங்கத்தின் மரபல்ல. பட்டியல் என் பையில் இருக்கிறது.

இனி சந்தா. ஆண்டுச் சந்தா இருநூறு ரூபாய். இருநூறு ரூபாய்க்கு இன்று மயிலாடுதுறையில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிட முடியாது. அதையும் பாதிக்கு மேற்பட்டோர் தரவில்லை. கேட்டால், ஆயுள் உறுப்பினர் என்கிறார்கள்; பதிவேட்டில் பார்த்தால் இல்லை. வெளியூரில் இருப்பவர்களைக்கூடச் சொல்லமாட்டேன். பள்ளி வாசலில் கடை வைத்திருப்பவர்களும் என்னைக் கண்டால் கல்லாவில் குனிந்துகொள்கிறார்கள். செயற்குழு உறுப்பினர்களில் சிலரைத் தேர்தல் நடந்த அன்று பார்த்தது. அதன் பிறகு விழா மேடையில் பொன்னாடை வாங்கும்போது பார்த்தோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, சென்ற ஆண்டு இருப்பு, நன்கொடை, சந்தா, வங்கி வட்டி எல்லாம் சேர்ந்த வரவு, விழாவும் வளைவும் வடிகாலும் பரிசும் சேர்ந்த செலவுக்கு ஏறத்தாழச் சரியாக வந்துவிட்டது. கையிருப்பு உண்டு, பெரிதாகச் சொல்லும்படி இல்லை. கான்கிரீட் வேலைக்குத் தரவேண்டிய சிறு பாக்கி ஒன்று உள்ளது. தணிக்கையாளர் கேட்ட வவுச்சர்களில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. விழாச் சாப்பாட்டுக் கணக்கில் ஐயம் உள்ளவர்கள் அதற்கென அமைந்த குழுவைக் கேட்டுக்கொள்ளலாம். நான் அந்தக் குழுவில் இல்லை.

தலைவர், பொருளாளர், துணைச் செயலாளர்கள், தாளாளர் ஐயா, தலைமையாசிரியர் அம்மா, ஆசிரியப் பெருமக்கள், அலுவலர்கள், பந்தல், ஒலிபெருக்கி, பத்திரிகை நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. பெயர் விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மழையில் ஊறி வேலை செய்த கொத்தனாருக்கும் இரண்டு சித்தாள் அக்காமார்களுக்கும் விழா மேடையில் துண்டு போட விட்டுப்போயிற்று; இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள், அறிக்கை முடிந்ததும் தலைவர் கையால் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு பற்றி. இந்த 2025ஆம் ஆண்டு மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்துவிட்டது. வாய்க்காலில் பாசனத் தண்ணீர் நிறைந்து ஓடும்போது மழையும் சேர்ந்தால், நம் பைப் வழியாக வாய்க்கால் தண்ணீர் உள்ளே ஏறும். கடைவாயில் ஒரு ஷட்டர் போட்டால் தீர்ந்தது. ஏற்றி இறக்க ஒரு ஆளும் வேண்டும். வெங்காயத்தாமரை அடைத்துக்கொள்ளாமல் புரட்டாசியில் ஒருமுறை தூர்வாரவும் வேண்டும். பழைய கட்டடத்துச் சிமெண்ட் பூச்சைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாற்ற நிர்வாகம் ஒப்புக்கொண்டால் பாதிச் செலவைச் சங்கம் ஏற்கலாம் என்பது என் எண்ணம். அடுத்து கட்டப்போவதாகப் பேசப்படும் விளையாட்டரங்கத்துக்கு மட்டம் குறிக்கும் முன் நிர்வாகம் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

வயதாகிவிட்டது, செயலாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி கேட்டிருந்தேன். மனு கொடுக்க ஒருவரும் வரவில்லை. யாராவது முன்வந்தால் பதிவேடுகளையும், டியூப் லெவலையும், பையில் இருக்கும் பட்டியலையும் இன்றே ஒப்படைக்கத் தயார். வராவிட்டால் இன்னும் ஓராண்டு பார்க்கிறேன். அப்படிப் பார்ப்பதென்றால் ஷட்டருக்கு யார் என்ன தருவீர்கள் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் தெரியவேண்டும். ஷட்டர் இரும்புப் பலகைதான். அதில் பெயர் எழுத இடம் இருக்கிறது.

பொருளாளர் பந்தி நடக்கும் கூடத்து வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஜிபே வசதியும் உண்டு. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
பழைய மாணவர் சங்கம்