அபு சிம்பெல் போகாத கதை

கரோல்பாக், புது தில்லி
பிப்ரவரி 8

அன்புள்ள கண்ணா,

ஆசீர்வாதம். போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் தொலைபேசியை வைத்துவிட்டாய். திரும்ப அழைத்துப் பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. 34 ஆண்டுகள் மத்திய அரசு அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தவள் நான். எத்தனையோ பேரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறேன். இப்போது என் முறை.

குற்றச்சாட்டு என்ன? ஆறு மாதம் உட்கார்ந்து நீ போட்டுத் தந்த எகிப்துப் பயணத் திட்டத்தில் அபு சிம்பெல் கோயிலுக்கு ஒதுக்கியிருந்த நாளை நாங்கள் விட்டுவிட்டோம். அஸ்வான் ஓட்டலில் ஓர் இரவு வாடகையும் கார்ப் பணமும் வீணாயின. இரண்டும் உண்மை. 'அங்கே போய் சமையல் செய்துகொண்டிருந்தீர்களா?' என்று கேட்டாய். அதுவும் உண்மைதான்.

முதலில் கெய்ரோவை முடித்துவிடுகிறேன். பிரமிடின் படங்களை அப்பா உனக்கு அனுப்பிவிட்டார், எல்லாவற்றிலும் அவர் கட்டைவிரல் இருக்கிறது. பெரிய பிரமிடுக்குள் முதுகை வளைத்துக்கொண்டு ஏறி, கடைசியில் ராஜாவின் அறைக்குப் போனால் மூடியில்லாத ஒரு கல்தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. "இதற்காகவா என் முழங்காலைக் கொண்டுவந்தேன்?" என்றார் அப்பா. ஆனால் அந்த அறையின் கருங்கல் அஸ்வானிலிருந்து ஆற்றிலே படகில் வந்தது என்று வழிகாட்டி சொன்னதும் பொறியாளருக்கு வலி மறந்துவிட்டது. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 1990-ல் அந்தப் பக்கம் ஒரு குதிரை எதிலோ கால் இடறியதாம். என்னவென்று பார்த்தால் மண்சுவர். தோண்டினால் பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள். அந்தத் தொழிலாளர் குழுக்கள் தமக்குத் தாமே பெயர் வைத்துக் கல்லில் கிறுக்கியும் இருக்கிறார்கள். ஒரு குழுவின் பெயர் 'கூஃபுவின் நண்பர்கள்'. கூஃபு அந்தப் பிரமிடைக் கட்டுவித்த ராஜா. அவர் இவர்களைத் திரும்பிப் பார்த்திருப்பாரோ என்னவோ, இவர்களாகவே நண்பர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். நம் அலுவலகத்திலும் அப்படிச் சிலர் உண்டு.

கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் பழைய எகிப்து ராஜா ராம்சேஸ் இரண்டாமவரின் உடலைப் பார்த்தோம். ஏறத்தாழ 90 வயது வாழ்ந்த கிழவர். மூக்கு அப்படியே எடுப்பாக இருக்கிறது. அது சப்பிப்போகாமல் இருக்க உள்ளே மிளகை வைத்து அடைத்திருக்கிறார்கள். செத்தது கி.மு. 1213-ல். மிளகு அந்தக் காலத்தில் வேறெங்கே விளைந்தது? நம் மேற்குக் கடற்கரைப் பக்கமிருந்துதான் எப்படியோ கைமாறிப் போயிருக்க வேண்டும். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றபோது, என் கைப்பையில் நம் தில்லி மசாலாச் சந்தை காரி பாவ்லியில் வாங்கிய கால் கிலோ மிளகு இருந்தது. மாடி அக்காவுக்காக எடுத்துப்போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காவலர் முறைத்தார்.

மாடி அக்காவை உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவே வேண்டாம். நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் லுக்சரிலிருந்து வந்து நம் மாடியறையில் குடியிருந்து எம்.ஏ. படித்தாள், உன் வரலாற்றுத் தேர்வுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இரண்டு குளிர்காலம் நம் அடுப்படியில் உட்கார்ந்து மிளகு ரசம் குடித்தவள். அப்படிப்பட்டவளுக்கு உன் திட்டத்தில் நீ ஒதுக்கியிருந்தது இவ்வளவு: 'லுக்சர், இரண்டாம் நாள், மாடி அக்கா வீடு, மதிய உணவு, 1 மணி நேரம்.' கண்ணா, நம் வீட்டுக்கு வருகிறவர்கள் காலணியைக் கழற்றி நலம் விசாரிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

லுக்சரில் முதல் நாள் உன் சொற்படியே நடந்தோம். கர்னாக் கோயிலின் 134 தூண்களுக்கு நடுவே நின்று நான் மதுரையை நினைத்துக்கொண்டேன். அப்பா இராமேஸ்வரம் என்றார். இருவரும் அதற்கே கொஞ்சம் சண்டை போட்டோம். அங்கே ஆண்டுதோறும் ஒரு திருவிழா நடக்குமாம். ஆமுன் சாமியைப் படகில் எழுந்தருளச் செய்து, பூசாரிகள் தோளில் தூக்கிக்கொண்டு லுக்சர் கோயில் வரை போவார்கள். உற்சவர் புறப்பாடேதான். லுக்சர் கோயிலின் உள்ளேயே ஒரு மசூதி இருக்கிறது, அபுல் ஹஜ்ஜாஜ் என்ற பெரியவரின் பெயரில். கோயில் மண்மூடிக் கிடந்த காலத்தில் மேலே கட்டியது. பிறகு மண்ணை அள்ளிவிட்டார்கள். மசூதியின் பழைய வாசற்கதவு இப்போது அந்தரத்தில் நிற்கிறது. அந்தப் பெரியவரின் ஆண்டு விழாவில் இன்றைக்கும் ஒரு படகை ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள் என்று மாடி அக்கா சொன்னாள். சாமி மாறினாலும் சப்பரம் மாறவில்லை. இதையெல்லாம் நாங்கள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தோம். சுற்றி நின்ற சுற்றுலாக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தில்லியின் தெருவில் கற்ற இந்தி, நைல் நதிக்கரையில் ஒரு தமிழ்க்காரிக்கும் ஒரு எகிப்துப் பெண்ணுக்கும் நடுவே ஓடிற்று.

மறுநாள் மேற்குக் கரைக்குப் படகில் போனோம். ராஜாக்களின் கல்லறைகள் மூன்றைப் பார்த்தோம், அழகுதான், கூட்டம். "அம்மா, உங்களுக்கு ஏற்ற இடம் இது இல்லை" என்று சொல்லி மாடி அக்கா பக்கத்திலிருக்கும் தெய்ர் எல் மெதீனாவுக்கு அழைத்துப்போனாள். அந்தக் கல்லறைகளை வெட்டி, தீட்டி, வண்ணம் பூசிய கைவினைஞர்கள் குடும்பத்தோடு இருந்த ஊர். இப்போது முழங்கால் உயரத்துக்குச் சுவர்கள் மட்டும். நடுவே ஒரு சந்து, இருபுறமும் ஒட்டினாற்போல் வீடுகள். நம் கரோல்பாக் சந்துகளுக்கு மேல்கூரையை எடுத்துவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

அங்கே அவர்கள் உடைந்த ஓட்டிலும் கல்சில்லிலும் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: சலவைக் கணக்கு, கடன், வழக்கு. ஒரு கல்லில் வருகைப் பதிவேடு! ராம்சேஸ் இரண்டாமவரின் 40-ஆம் ஆட்சியாண்டு. 40 பேர், 280 நாள், யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை. தேள் கடித்தது. கண் நோய். பீர் காய்ச்சினான். தாயின் உடலைப் பதப்படுத்தப் போனான். மனைவிக்கோ மகளுக்கோ தூரம். காரணங்களை எழுத்தர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாராம். மூலக்கல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மாடி அக்கா தன் தொலைபேசியில் படத்தைக் காட்டினாள். நான் அந்த வெயிலில் ஒரு சுவர்மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். என் 34 வருட வேலையை யாரோ 3200 வருடத்துக்கு முன்னால் செய்து வைத்திருக்கிறார்கள். பீர் காய்ச்சியதற்கு விடுப்பு அனுமதித்தார்களா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அதே ஊர்க்காரர்கள் மூன்றாம் ராம்சேஸ் காலத்தில், 29-ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் வரவில்லை என்று கருவிகளைக் கீழே போட்டுவிட்டுக் கோயிலின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது என்று சொன்னார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்கிறார்கள். அதைச் சொல்லும் பாப்பிரஸ் சுவடி இத்தாலியில், டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹாம்பர்க்கிலிருந்து உனக்கு அது ஒன்றும் தூரம் இல்லை. விடுமுறையில் பனிச்சறுக்கு மட்டும் போதாது.

பிறகு அவள் வீடு. மதிய உணவு, 1 மணி நேரம்.

நாம் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிடுவதில்லை என்பதை அவள் பாட்டிக்கு எப்படி விளக்கினாள் தெரியுமா? அங்கே கோப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் இறைச்சி, பால் எல்லாம் விட்டு நோன்பு இருப்பார்கள். "இவர்கள் அப்படி வருடம் முழுவதும் நோன்பு இருக்கிறவர்கள்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பாட்டி என் கன்னத்தைத் தடவி, கண் கலங்கி, என் தட்டில் மலைபோல் குவித்தார். மொச்சை மாதிரி ஒரு பயறை அரைத்துச் செய்த வடை, கீரைக் குழம்பு, வெயிலில் வைத்துப் புளிக்க விட்ட ரொட்டி. மாவை வட்ட வட்டமான மண்தட்டுகளில் வைத்து மாடியில் காயவிடுகிறார்கள்; காக்கை விரட்ட ஒரு பெண்பிள்ளை. நான் வடாம் பிழிந்த மாடி கண்முன் வந்தது. ரொட்டிக்கு அங்கே 'ஐஷ்' என்று பெயர், வாழ்வு என்று பொருளாம். இந்தியில் அதே சொல்லுக்குச் சொகுசு என்று அர்த்தம் என்று மாடி அக்கா சொன்னதும் பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் 'போதும்' என்றேன். மாடி அக்கா தமிழிலேயே பதில் சொன்னாள்: "அம்மா, கரோல்பாகில் நான் போதும் என்றபோது நீங்கள் ஒரு நாளாவது கேட்டீர்களா?" இன்னும் இரண்டு ரொட்டி விழுந்தது.

அப்பாவைக் காணோம் என்று தேடினால், அவர் அவள் தகப்பனாரோடு கரும்புக் காட்டில் இருக்கிறார். அங்கே ஜனவரியில் கரும்பு வெட்டு. கரும்பு ஏற்றிப் போக வயல் நடுவே குட்டி ரயில் பாதை. இரண்டு கிழவர்களும் வரப்பில் குத்துக்காலிட்டுக் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. நன்றிக்கு 'சுக்ரான்' என்று நீ எழுதிக் கொடுத்திருந்தாய் அல்லவா? அப்பா ஒவ்வொரு துண்டுக்கும் 'சுக்கர், சுக்கர்' என்று சொல்லியிருக்கிறார். அது சர்க்கரை. இவருக்கு இன்னும் சர்க்கரை வேண்டும் போலிருக்கிறது என்று அவர் வெட்டி வெட்டிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை போட மறந்துவிட்டார் என்பதை இரவுதான் சொன்னார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ கோபத்தை என்மேல் காட்டினாய். நானும் ஏற்றுக்கொண்டு இருந்துவிட்டேன். ஆனால் அந்த வரப்பிலிருந்து எழுந்து வந்து, "நாளைக்கும் இங்கேயே இருந்துவிடலாமா?" என்று கேட்டது அப்பா. அபு சிம்பெலைப் பார்க்க வேண்டும் என்று துடித்தவரும் அவர்தான். 1964-லிருந்து 1968 வரை அந்தக் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி, அஸ்வான் அணையின் ஏரித் தண்ணீருக்கு எட்டாமல் மறுபடி பொருத்திய கதையை எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! அவருக்கு அது பெரிய நஷ்டம். குளித்தலை நிலத்தைத் தாத்தா போனபின் விற்றதிலிருந்து அவர் கரும்புக் காட்டில் கால் வைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

நாளைக்கு என்ன நாள்? பொங்கல். டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று நீ அந்த வாரத்தைப் போட்டாய். நான் முணுமுணுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். உன் கணக்குப்படி பொங்கலன்று விடியற்காலை 4 மணிக்கு நாங்கள் அஸ்வானில் காரில் ஏறியிருக்க வேண்டும்.

அதற்குப் பதில், மாடியில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினோம். எகிப்து அரிசி குட்டையாக, சற்று ஒட்டும், பொங்கலுக்கு நம் பச்சரிசியைவிட நன்றாகவே குழைகிறது. பாசிப்பருப்பு கிடைக்கவில்லை, மசூர் பருப்பு போட்டேன். வெல்லம் இல்லை. ஆனால் 'கருப்புத் தேன்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், கரும்புப்பாகுதான், நம் ஊர் வெல்லப்பாகின் அண்ணன். அதை ஊற்றிச் சர்க்கரைப் பொங்கல். அவர்கள் வீட்டு நெய். வெண்பொங்கலுக்குக் காரி பாவ்லி மிளகு. பால் பொங்கியபோது அப்பா உரக்கக் கத்தியதில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து நான்கு தலைகள் எட்டிப் பார்த்தன, அவர்களும் வந்துவிட்டார்கள். பாட்டிக்குச் சர்க்கரைப் பொங்கல் பிடித்தது, வெண்பொங்கல் பிடிக்கவில்லை. ஒரு மிளகைக் கடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ராம்சேஸ் மூக்குக்கு ஆனது எனக்கு ஏன் என்பது போல.

மிளகு அந்த வழிக்குப் புதிதும் இல்லை. செங்கடல் ஓரம் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தில் ஒரு கோயிலைத் தோண்டியபோது 7.5 கிலோ மிளகு ஒரே சாடியில் கிடைத்தது. அதே கடலோரத்து இன்னொரு பழைய துறைமுகமான குசைர் அல் கதீமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்ப் பிராமியில், அதாவது பழந்தமிழ் எழுத்தில், எழுதியிருக்கிறது. அதைப் 'பானை ஒறி' என்று படித்தவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன்; ஒறி என்றால் உறிதான். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனார்கள் என்று பள்ளியில் உருப்போட்டபோது, மறுமுனையில் உறியில் பானையைத் தொங்கவிட்டுக் கொண்டு ஒரு தமிழன் நின்றிருப்பான் என்று தோன்றியதே இல்லை. துறைமுகத்திலிருந்து ஒட்டகத்தில் ஏற்றி, லுக்சருக்கு வடக்கே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்துதான் படகில் போடுவார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே மாடி அக்கா பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

என் விளக்கம் இவ்வளவுதான். ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் மேலதிகாரியின் விருப்பம்.

இரண்டு வேலை பாக்கி. மாடி அக்காவின் தம்பி ஏப்ரலில் ஹாம்பர்க்கில் ஒரு பயிற்சிக்கு வருகிறான். உன் முகவரியைக் கொடுத்துவிட்டேன். விடுதி பார்த்துக்கொள்கிறேன் என்பான், விடாதே. கூடுதலாக ஒரு கம்பளி வாங்கி வை. லுக்சர் பிள்ளைக்கு உன் ஊர் ஏப்ரல் தாங்காது.

அப்பா பக்கத்தில் நின்று கேட்கச் சொல்கிறார்: அந்தக் கார்ப் பணத்தில் பாதியாவது திரும்ப வருமா?

அன்புடன்,
அம்மா